எடைப்பிரிவு விளையாட்டுகளும் ஆற்றல் பற்றாக்குறையும்

ஜூடோ, டேக்வாண்டோ, குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்ற விளையாட்டுகளில் போட்டிக்கு முன் எடை பார்க்கப்படுகிறது. இலகு எடைப் படகோட்டத்தில் பெண்களுக்கு 59 கிலோவும் ஆண்களுக்கு 72.5 கிலோவும் உச்சவரம்பு. இவ்வரம்புக்குள் நிற்பதற்காக உணவைக் குறைக்கும் பழக்கம் பலருக்குப் பதின்ம வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சும் ஆற்றல் உடலின் அன்றாட இயக்கத்துக்குப் போதாத நிலையைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் தனிப் பெயரிட்டு விளக்கியது. மருத்துவர்கள் அதனைச் சுருக்கமாக 'ரெட்-எஸ்' என்பர். 57 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் கொழுப்பு நீங்கலான எடை 48 கிலோ எனக் கொள்ளலாம். அவர் நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்டு, பயிற்சியில் 700 கலோரி செலவிட்டால் மிஞ்சுவது 1,300. அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 27 கலோரி. 45 அளவில் இருப்பது நலம். 30க்குக் கீழே நீடித்தால், ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், பாதிப்புக்கான வாய்ப்பு மிகுதி. வீட்டில் மற்றவர்களுக்குப் போதுமான அதே உணவு அவருக்குப் போதாது.

தராசு இதனைக் காட்டிக் கொடுப்பதில்லை. உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்வதால் எடை மாறாமலே இருக்கக்கூடும். மாதவிடாய் மூன்று மாதங்கள் நின்றுபோவதும், 15 வயதாகியும் பூப்பெய்தாதிருப்பதும் முக்கிய அறிகுறிகள். கடும் பயிற்சி செய்பவர்களுக்கு இது இயல்பே என்று சொல்லப்படுவதுண்டு, அது தவறு. கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களிடம் இவ்வறிகுறி மறைந்திருக்கலாம். ஆண்களும் இதற்கு விலக்கல்லர்: பாலுணர்வு குன்றுதல், ஓயாத சோர்வு, எரிச்சல், அடிக்கடி வரும் சளி, எலும்பில் மயிரிழை முறிவு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். எலும்பு வலுப்பெறும் பதின்ம வயதில் ஏற்படும் இழப்பு பின்னர் முழுமையாக ஈடாகாமற்போகலாம்.

நீர் அருந்தாமலும் வியர்க்க வைத்தும் எடையைத் திடீரெனக் குறைப்பது வேறொரு ஆபத்து. 1997இல் அமெரிக்காவில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இவ்வாறு உயிரிழந்த பின்னரே அங்கு விதிகள் திருத்தப்பட்டன.

சிகிச்சையின் அடிப்படை உணவே. பயிற்சிக்கு முன்னும் பின்னும் உண்பது அவசியம். சோற்றை ஒதுக்கத் தேவையில்லை. பருப்பு, தயிர், முட்டை, மீன் ஆகியவற்றை அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். விரத நாட்களில் பயிற்சியைக் குறைப்பது நல்லது. வளரும் பிள்ளையை அடுத்த எடைப்பிரிவுக்கு மாற்றுவது குறித்துப் பெற்றோர் பயிற்றுநரிடம் தயங்காது கேட்கலாம். "சாப்பாட்டில் நல்ல கட்டுப்பாடு" என்று உறவினர் பாராட்டுவது, நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்டாலும், நோயை வளர்க்கிறது.

ஐயம் எழுந்தால் முதலில் குடும்ப மருத்துவரைக் காண வேண்டும். அவர் இரத்தப் பரிசோதனைக்கும், தேவையெனில் எலும்பு அடர்த்திச் சோதனைக்கும், உணவியல் நிபுணரிடமும் அனுப்புவார். ஆஸ்திரேலியாவில் தமிழ் உரைபெயர்ப்பாளரைப் பெற 131 450 என்ற எண்ணை அழைக்கலாம். பிள்ளையையே மொழிபெயர்க்கச் செய்தல் ஆகாது; மருத்துவரிடம் சிறிது நேரம் தனியே பேசவும் பிள்ளைக்கு வாய்ப்பளிக்க வேண்டும்.