கண்ணீருக்கு அகலாத கிருமி

வெயில் மிகுந்த நாளில் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கொட்டிலொன்றில் ஒரு கன்று ஒரு கண்ணில் நீர் வடிய, ஒளிக்குக் கூசி இமைகளை இடுக்கி நிற்குமாயின், தூசி விழுந்ததென்று கருதி அப்பாற் செல்லுதல் எளிது. ஆயின் தொற்றுக் கண்ணழற்சி கண்ணைப் பற்றுவது இந்நிலையிலேதான்.

இந்நோய்க்கு முதன்மையான காரணம் மொராக்செல்லா போவிஸ் என்னும் பாக்டீரியா ஆகும். கண் காவலற்ற உறுப்பன்று. இமை இடைவிடாது துடைக்கிறது. கண்ணீர் அழுக்கைக் கழுவி மூக்கின் வழியே தள்ளிவிடுகிறது. ஓடும் வாய்க்காலில் துரும்பு நிற்பதில்லை. வேரூன்றிய கோரை நிற்கிறது. அவ்வாறு ஊன்றுவதற்கு இக்கிருமிக்கு உதவுவன, அதன் உடலினின்று நீளும் புரதத்தாலான நுண்மயிர்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மட்டுமே புலப்படும் இவை, கருவிழியை மூடிய தெளிந்த படலத்தின் மேலணி உயிரணுக்களைப் பற்றிக்கொள்கின்றன. நுண்மயிர் இல்லாத கிருமிகளைக் கன்றுகளின் கண்ணில் இட்டுப் பார்த்த சோதனைகளில் நோய் தோன்றவில்லை.

நுண்மயிர்களில் கியூ, ஐ என இருவகை உண்டு. கண்ணில் முதலிற் குடிபுகுவதற்குக் கியூ வகையே ஏற்றது. வியப்பு என்னவெனில், கிருமி தன் மரபுப்பொருளின் ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி, ஒருவகையை விட்டு மற்றொரு வகையை அணிந்துகொள்ளவும் வல்லது.

பற்றுதல் மட்டும் புண்ணை உண்டாக்காது. பற்றிய கிருமி உமிழும் நஞ்சே உயிரணுக்களைச் சிதைக்கிறது. நஞ்சற்ற வகை ஒட்டினாலும் தீங்கு விளைவதில்லை. இரண்டும் கூடியவிடத்துப் படலத்தின் நடுவில் புண் தோன்றி, கண் வெளுத்து, முற்றினால் பார்வையும் போகும். வெயிலின் புறஊதாக் கதிரும், தூசியும், முரட்டுப் புல்லும் மேலணியைப் புண்படுத்திக் கிருமிக்கு இடங்கொடுக்கின்றன. ஈ அதனை மாட்டுக்கு மாடு சுமக்கிறது. கண்ணைச் சுற்றிக் கருநிறம் குறைந்த அயலினக் கலப்பு மாடுகள் எளிதில் இலக்காகின்றன.

நுண்மயிர்ப் புரதத்தையே தடுப்பூசியாக்கும் முயற்சி அறிவுக்கு உகந்ததே. ஆயினும் அப்புரதம் ஏழு தொகுதிகளாக வேறுபடுவதால், ஒன்றுக்கு எதிராகப் பெற்ற காப்பு மற்றொன்றிடம் தளர்ந்துவிடுகிறது.

1955-இல் தொடங்கப்பெற்ற திருப்பதிக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். கண்ணிலிருந்து புதிதாக எடுத்த கிருமி வளர்தளத்தை அரித்துப் பள்ளமாக்கிப் படரும். அதனையே பன்முறை மாற்றி வளர்த்தால் நுண்மயிரை இழந்து வழவழப்பாகிவிடும். பழைய வளர்ப்பைக் காட்டி இந்நோயை விளக்குதல் பொருந்தாது.

களப்பணியாளர் இமையை விலக்கிக் கண்புழு உள்ளதா என முதலில் நோக்குக. அதுவும் இவ்வாறே நீர்வடியச் செய்யும். புழு இல்லையெனில், மருந்திடுவதற்கு முன்னரே பஞ்சுக்குச்சியால் கண்ணீர் மாதிரி எடுத்து, உலராமல், குளிரில் வைத்து அனுப்புதல் வேண்டும். பலமனேரியிலிருந்து திருப்பதிக்குச் சூடேறிய பேருந்தில் வெறும் குழாயாகச் செல்லும் மாதிரியால் பயனில்லை. நோயுற்ற மாட்டைப் பிரித்து நிழலிற் கட்டி, மருத்துவர் கூறும் ஆக்சிடெட்ராசைக்கிளின் முதலிய மருந்தை அன்றே தொடங்குக. கண்ணில் புகையிலைச் சாற்றையோ உப்பையோ இடும் வழக்கம் உள்ள வீட்டில், அதனால் மேலணி மேலும் புண்பட்டுக் கிருமிக்கே வசதியாகும் என்பதை மாட்டுக்காரரிடம் பொறுமையாக எடுத்துரைத்தல் நலம். அடுத்த மாட்டைத் தொடுமுன் கையையும் கழுவுக.