வாசல் பொம்மைக்கு ஒரு சேலை

செஞ்சி காந்தி பஜாரில் என் மாமாவுக்கு ஜவுளிக்கடை. நான் ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பில் இறங்கி எட்டு மாதம் ஆகியும் இரண்டே வேலைதான் கிடைத்திருந்தது. அந்தச் சமயத்தில் ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, உனக்கு இங்கிலீஷும் தமிழும் நல்லா வரும்னு எனக்குத் தெரியும். வேலை குடுக்கறவனுக்கு எப்படித் தெரியும்? நானே வாசல்ல பொம்மை வெச்சு தினமும் சேலை மாத்திக் கட்டறேன். நீ என்னா வெச்சிருக்கே?"

பதில் சொல்ல முடியவில்லை. லிங்க்ட்இன், அப்வொர்க், ஃபைவர் என்று மூன்று இடத்தில் கணக்குத் திறந்து, மூன்றிலும் ஒரே நாலு வரியை ஒட்டி வைத்திருந்தேன். அவ்வளவுதான் என் கடை. அதன் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். என் தொழில் மொழிபெயர்ப்பு. டிசைனரோ வீடியோ எடிட்டரோ தங்கள் தொழிலுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

சகலமும் செய்து தரப்படும்

என் முதல் அறிமுகம் இப்படி இருந்தது: "மொழிபெயர்ப்பு, தட்டச்சு, டேட்டா என்ட்ரி, பிழை திருத்தம், கன்டென்ட் ரைட்டிங், எல்லாம் குறைந்த விலையில்." ஐந்து வேலை சொன்னால் ஐந்து பக்கமிருந்தும் ஆள் வரும் என்று கணக்குப் போட்டேன். வந்தவர்களில் பாதிப்பேர், டேட்டா என்ட்ரி வேலை தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்றார்கள். வேலை தருகிறவர் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

தேடுகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். மிக்ஸி தயாரிக்கிறவருக்குக் கையேட்டைத் தமிழில் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவருக்கு என் தட்டச்சு வேகம் எதற்கு? அறிமுகத்தை ஒரே வரியாக்கினேன்: "வீட்டு உபயோகப் பொருள்களின் கையேடுகள், மருத்துவமனைப் படிவங்கள்: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு." தேடுபெட்டியில் அவர் எந்தச் சொல்லைத் தட்டுவாரோ, அது நம் முதல் வரியில் இருக்க வேண்டும்.

மிக்ஸி மூடி

வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கினோம். அதன் கையேட்டில் ஒரு வரி: "யூனிட்டை இயக்குவதற்கு முன் மூடியானது பாதுகாப்பாகப் பூட்டப்பட்டுள்ளதை உறுதிப்படுத்தவும்." அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்குப் பூட்டு வேற இருக்கா?" என்றார்.

அந்த வரியை எடுத்து, கம்பெனிப் பெயரைச் சொல்லாமல், பக்கத்தில் என் வரியை எழுதி லிங்க்ட்இன்னில் போட்டேன்: "மூடியைச் சரியாக மூடிய பிறகே மிக்ஸியைப் போடுங்கள்." கீழே ஆங்கிலத்தில் சின்ன விளக்கம். வீட்டில் யாரும் மிக்ஸியை 'இயக்குவதில்லை', 'போடுகிறார்கள்'. 'உறுதிப்படுத்தவும்' என்றால் கையால் என்ன செய்ய வேண்டும் என்று புரியாது. 'பூட்டு' என்றதும் தமிழ்க் காது சாவியைத் தேடும்.

வாரம் ஒன்று, செவ்வாய்க்கிழமை காலையில், இதே பாணியில் போட்டு வந்தேன். முதல் ஐந்து வாரம் லைக் போட்டதெல்லாம் சொந்தக்காரர்கள்தான். ஆறாவது வாரம் புனேயில் உள்ள ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது: இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ்ப் பக்கங்கள் எங்களிடம் இருக்கின்றன, திருத்தித் தர முடியுமா? எனக்கு எத்தனை ஆண்டு அனுபவம் என்று அவர்கள் கேட்கவே இல்லை. மூடி வரியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளர் கொடுத்த வேலையை அனுமதியில்லாமல் மாதிரியாகக் காட்டாதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ரகசியம் காக்கும் பிரிவு இருக்கும். மாதிரியை நாமே செய்துகொள்ளலாம். பஸ்ஸில், மருந்துக்கடையில், ஏடிஎம்மில் கண்ணில் படும் வரிகளே போதும்.

ஊரை மறைத்த கதை

அறிமுகத்தில் ஊர் என்ற இடத்தில் 'சென்னை' என்று போட்டிருந்தேன். செஞ்சிக்கு ரயில் நிலையம்கூடக் கிடையாது. இங்கே நெட் ஒழுங்காக வருமா என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

புனே நிறுவனத்தோடு முதல் வீடியோ பேச்சு. அன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்பதை மறந்துவிட்டேன். மோடம் அணைந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் மறுபடி நுழைந்து, வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. பிறகு அங்கே பேசிக்கொண்டிருந்தவர், "ஜிஞ்ஜியா? ராஜாராம் மகாராஜ் இருந்த கோட்டையா?" என்றார்.

1677இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. அவருடைய மகன் ராஜாராம் 1690களில் முகலாயர் முற்றுகைக்குள் இருந்தபடியே ஆட்சி நடத்தியதும் இங்கேதான். மராட்டியருக்கு அது வரலாற்றுப் பாடம். நான் மறைத்து வைத்த ஊர்ப் பெயர்தான் அன்றைக்குப் பேச்சை நீட்டித்துக் கொடுத்தது.

2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ, மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். அன்றைக்குக் கோட்டை நிற்கும் ராஜகிரி மலை ஓரடிகூட உயர்ந்துவிடவில்லை. அத்தனை நூற்றாண்டாக நிற்கிற மலைக்கே, தன் பெருமையைச் சொல்லும் கோப்பு ஒன்று பாரீஸ் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. நான் எம்மாத்திரம்?

இப்போது என் அறிமுகத்தில் 'செஞ்சி, தமிழ்நாடு' என்றே இருக்கிறது. பக்கத்திலேயே இன்வெர்ட்டர், இரண்டாவது நெட் இணைப்பு இரண்டையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

முதல் இரண்டு வரி

அப்வொர்க்கில் விண்ணப்பிக்க 'கனெக்ட்ஸ்' செலவாகும். கையில் இருப்பது தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆரம்பத்தில் "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கும் ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பிக் காசைக் கரைத்தேன். இப்போது வாரம் மூன்று, நான்குதான். முதல் இரண்டு வரியில் அவர்கள் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்பேன்: "இந்த ஒப்புதல் படிவத்தை நோயாளியே படிப்பாரா, நர்ஸ் படித்துக் காட்டுவாரா? நடை அதைப் பொறுத்து மாறும்." அதைப் படிக்கும்போதே, இந்த ஆளுக்கு வேலை தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

காசு விஷயம்

ஒரு நிறுவனம் 'டெஸ்ட்' என்று 2,000 சொல் அனுப்பியது. இரண்டு இரவு கண் விழித்து முடித்து அனுப்பினேன். பிறகு பதிலே இல்லை. 200, 300 சொல்லுக்கு மேல் போனால் அது டெஸ்ட் இல்லை, இலவச உழைப்பு. மொழிபெயர்ப்பாளர்களுக்கான புரோஸ் தளத்தில் 'புளூ போர்டு' என்ற பகுதி உண்டு. வேலை தருகிற நிறுவனங்களைப் பற்றி, அவர்களிடம் வேலை செய்தவர்கள் அங்கே எழுதியிருப்பார்கள். ஒத்துக்கொள்ளும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஃபைவர் நம் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும்; ஆயிரம் ரூபாய் வேலைக்கு எண்ணூறுதான் கைக்கு வரும். விலை சொல்லும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரடியாக வரும் புது ஆளிடம் பாதி முன்பணம் கேளுங்கள். கேட்டால் ஓடிவிடுவாரோ என்று நானும் பயந்தேன். ஓடியவர்கள் மீதியையும் தந்திருக்க மாட்டார்கள்.

போன ஆடித் தள்ளுபடிக்கு மாமா போனை நீட்டினார். "வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ரெண்டு வரி எழுதியிருக்கேன், சரியா இருக்கா பாரும்மா."

"சகல விதமான ஜவுளி ரகங்களும் குறைந்த விலையில் கிடைக்கும்" என்று இருந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மாமா, இன்னிக்குப் பொம்மைக்கு எந்தச் சேலை கட்டினீங்க?"

"மயில் கழுத்துக் கலர். நானூத்தம்பது ரூவா. எதுக்கு?"

"அந்தச் சேலையைப் போட்டோ எடுங்க. இப்ப சொன்னீங்களே, அதையே கீழ போடுங்க."