ஒலிபெருக்கியும் செவியின் சான்றும்

உயர்ந்த விலையுள்ள ஒலிபெருக்கிகளை விற்போர், வாங்க விரும்புவோரைத் தம் கடைக்கு அழைத்து, நல்லதோர் இருக்கையில் அமர்த்தி, அவற்றை இசைக்கச் செய்து கேட்பிப்பது வழக்கம். எங்கள் சபைப் பாடகர் குழுவினர் இசை கேட்டுப் பயிலும் அறைக்கு ஓரிணை ஒலிபெருக்கி வேண்டியிருந்தது. ஆதலின் சென்ற கோடை விடுமுறையில் என் பெரியப்பாவுடன் அத்தகைய கடையொன்றிற்கு யானும் சென்றேன். இரண்டு இணைகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பாடின. "தம்பி, எது நன்று?" என்று பெரியப்பா வினவ, யான் சிறிதும் தயங்காது, உயர்ந்து பளபளத்து மும்மடங்கு விலையுடன் நின்றதைச் சுட்டினேன். வீடு திரும்பும் வழியில் அவர், "அது சற்று உரக்கப் பாடிற்றல்லவா?" என்றார். என்னால் விடை கூற இயலவில்லை. செலவிடப்பட இருந்ததோ சபையாரின் காணிக்கை. அவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

ஒலி ஒரு டெசிபல் மிகுந்தாலும் நாம் அதனை 'உரத்தது' என்று உணர்வதில்லை. 'தெளிந்தது', 'நிறைந்தது' என்றே மயங்குகிறோம். இதற்குக் காரணம் நம் செவியின் இயல்பிலேயே உள்ளது. ஒலி தாழத் தாழ, ஏனைய ஒலிகளைவிட மந்தர ஒலியே விரைவில் செவிக்கு எட்டாது போகும் என்பதை 1933 ஆம் ஆண்டிலேயே பிளெச்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் அளந்து வெளியிட்டனர். ஒலியைச் சிறிது உயர்த்தினாலோ மந்தரமும் உடன் எழுந்து, இசைக்கு உடல் வந்தாற்போலத் தோன்றுகிறது. அஃதன்றியும் எல்லா ஒலிபெருக்கிகளும் ஒரே மின்னாற்றலுக்கு ஒரே அளவில் ஒலிப்பனவல்ல. ஒரு வாட் ஆற்றலுக்கு, ஒரு மீட்டர் தொலைவில், ஒன்று 84 டெசிபலும் மற்றொன்று 90 டெசிபலும் தரலாம். முன்னதைப் பின்னதற்கு ஒப்பாக ஒலிக்கச் செய்ய நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். திருகைத் தொடாமலே இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பிப்பவர் நேர்மையாளராயினும், அவர் காட்டும் ஒப்புமை நேர்மையானதன்று.

நிற்க. கேட்பித்து விற்கும் இவ்வழக்கம் பழமையானது. எடிசன் வைரமுனை கொண்டு இசைக்கும் தட்டுகளை 1912 இல் வெளியிட்டார். 1915 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் நிறுவனத்தாரும் வணிகரும் அமெரிக்க நகரங்கள்தோறும் 'நாதச் சோதனை' நடத்தினர். பாடகி மேடையில் இயந்திரத்தின் அருகே நின்று அதனுடன் சேர்ந்து பாடுவார். திடீரென வாயை மூடுவார். பாட்டு மட்டும் தொடரும். விளக்குகளை அணைத்து மீண்டும் ஏற்றும்போது மேடையில் இயந்திரம் மட்டுமே நிற்கும்! 1916 இல் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் மேரி ராப்போல்டு அம்மையார் இவ்வாறு பாடினார். இக்காலச் செவிக்கு இரைச்சலும் குறுக்கமுமாய்க் கேட்கும் அத்தட்டுகள் அன்று மக்களை எங்ஙனம் மயக்கின? அச்சோதனைகளில் பாடிய அன்னா கேஸ் அம்மையார், முதுமையில், தம் குரலை இயந்திரத்தின் ஒலிக்கு இசைய அமைத்துப் பாடியதை வெளியிட்டார். எனவே அங்கே யாரைப் போல யார் பாடினர் என்பதே ஐயத்திற்கிடமாயிற்று.

எட்கார் வில்ச்சர் என்பவர் வேறொரு வழியை மேற்கொண்டார். அடைத்த பெட்டிக்குள் சிறைப்பட்ட காற்றையே சுருள்வில்லாகக் கொண்டு, சிறு பெட்டியினின்று ஆழ்ந்த மந்தரத்தை எழுப்பியவர் அவர். 1954 இல் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ் நகரில் நிறுவனம் தொடங்கினார். அந்நிறுவனமும் நால்வர் நரம்பிசைக் குழுவை மேடையேற்றி, இடையிடையே ஒலிபெருக்கி பாடக் குழுவினர் வில்லை அசைத்துப் பாவனை மட்டும் செய்யுமாறு காட்டியதுண்டு. ஆயினும் யான் பெரிதும் மதிப்பது நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் இரயில் நிலையத்தில் அவர்கள் வைத்திருந்த கேட்பறையையே. வழிப்போக்கர் எவரும் நுழைந்து கேட்கலாம். அங்கே எதுவும் விற்கப்படவில்லை.

செவிக்குப் பெரும்பகை கண்ணே என்பதைத் தெளிவாகக் காட்டியவர்கள் பிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்னும் இருவர். 1994 இல் வெளியான அவர்தம் ஆய்வில், ஒலிபெருக்கி நிறுவனமொன்றின் ஊழியர் 40 பேர், நான்கு ஒலிபெருக்கிகளைக் கண்டும் காணாதும் கேட்டு மதிப்பெண் இட்டனர். காணாதபோது நன்மதிப்புப் பெற்ற சிறிய, மலிந்த பெட்டி, கண்டவுடன் கீழிறங்கிற்று, பெரியவை ஏறின. ஈசாக்கின் கதை இங்கு நினைவிற்கு வருகிறது. அவர் செவி யாக்கோபின் குரலைப் பிழையின்றி அறிந்தது. கையோ ஆட்டுத்தோலைத் தடவி ஏசா என்றது. ஈசாக்கு கையின் சான்றையே ஏற்றார்.

மறுவாரம் பெரியப்பாவும் யானும் அதே கடைக்கு மீண்டும் சென்றோம். கைபேசியிலுள்ள ஒலிமானியால் இரண்டையும் ஒப்பாக்கி, மெல்லிய துணியைக் குறுக்கே தொங்கவிடுமாறு வேண்டினோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே இசைந்தார். ஐந்து பாடல்களில் மூன்றற்கு யான் சிறியதையே சிறந்ததென்றேன். ஏனைய இரண்டில் எனக்கு வேற்றுமை புலப்படவில்லை. பெரியப்பாவும் சிறியதையே விரும்பினார், அதனையே வாங்கினோம்.

கடையின் அறை வேறு, நம் அறை வேறு என்பதை மட்டும் மறந்திருந்தோம். எங்கள் பயிற்சி அறையின் நீளம் 5 மீட்டர். அத்தகைய அறையில் நொடிக்கு 34 அதிர்வுகளை அடுத்த ஒலி, எதிரெதிர்ச் சுவர்களிடையே நிலைத்து நின்று பெருகும். மூலையில் வைத்த பெட்டி அதனை மேலும் தூண்டும். முதல்நாள் கீர்த்தனைப் பயிற்சியில் மந்தரம் குடத்துக்குள் முழங்கினாற்போல் இருந்தது. பெட்டிகளை மூலையிலிருந்து மூன்றடி முன்னே இழுத்து வைத்த பின்னரே சொற்கள் விளங்கின.