வாயிற்படியில் அளித்த வாக்குறுதி

நாடொன்று ஒரு கூட்டமைப்பிற் சேர விரும்புங்கால், அதன்கண் வாழும் சிறுபான்மையோரை அது நடத்தும் முறையைப் பிறர் ஆராய்தல் தகுமா? ஐரோப்பிய அரசியலைப் பயிலும் மாணவர் இவ்வினாவைப் புதியதெனக் கருதக்கூடும். இலங்கையராகிய நமக்கோ இது பழைய வினாவேயாம்.

1948 பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றுப் பொதுநலவாயத்தில் ஓர் உறுப்பு நாடாயிற்று. ஒரு சமூகத்தார்க்கு மட்டும் தடை விதிக்கும் சட்டமும், ஒரு சமூகத்தார்க்கு மட்டும் சலுகை நல்கும் சட்டமும் செல்லா என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு கூறிற்று. அதனைக் கண்காணிப்போர் யார்? ஒருவருமிலர். 1947இல் பிரித்தானியாவுடன் செய்த உடன்படிக்கைகள் மூன்று: பாதுகாப்பு, வெளிவிவகாரம், அரசாங்க உத்தியோகத்தர் என்பன பற்றியவை. உத்தியோகத்தரின் ஓய்வூதியத்துக்கு உடன்படிக்கை இருந்தது; சிறுபான்மையோர்க்கு இல்லை. அவர்தம் காப்பு நீதிமன்றங்களிடம் விடப்பட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரை வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கின. கோடக்கன் பிள்ளை வழக்கில் 1953இல் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. யார் தன் பிரஜை என வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமை. சட்டத்தின் வாசகம் எச்சமூகத்தையும் சுட்டவில்லை. ஆகவே 29ஆம் பிரிவு மீறப்படவில்லை என்பதே அதன் போக்கு. வாசகத்தைப் பார்த்தவர்கள் இடாப்பைப் பார்த்திலர் என்பது நம் கருத்து. எஞ்சியோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

இனி ஐரோப்பாவை நோக்குவோம். 1991இல் மீண்டும் சுதந்திரம் பெற்ற எஸ்தோனியாவும் லாத்வியாவும், 1940க்கு முன்னர்ப் பிரஜைகளாயிருந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே தாமாகப் பிரஜாவுரிமை உண்டென்றன. ரஷ்ய மொழி பேசுவோருட் பெரும்பாலார் புறத்தே நின்றனர். நம் மலைநாட்டுக் கதையை அறிந்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆயின், ஒரு வேறுபாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1993இல் கோபன்ஹேகனில் வகுத்த நிபந்தனைகளுட் சிறுபான்மையோர் பாதுகாப்பும் ஒன்று. சேர விரும்பிய ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் ஆண்டுதோறும் அறிக்கை எழுதப்பட்டது. தேசிய சிறுபான்மையோர்க்கான உயராணையர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் பன்முறை கடிதம் எழுதி வற்புறுத்தினார். 1998இல் இரு நாடுகளும் அங்குப் பிறந்த நாடற்ற குழந்தைகளுக்கு வழி திறந்தன. வேட்பாளருக்கு விதித்த மொழித் தகுதியை லாத்வியா 2002இல் நீக்கிற்று. 2004 மே மாதத்தில் இரண்டும் ஒன்றியத்திற் சேர்ந்தன. அவ்வாண்டறிக்கையும் அத்துடன் நின்றது. லாத்வியாவில் அப்போதும் இலட்சக்கணக்கானோர் பிரஜாவுரிமையின்றி இருந்தனர்.

இதே ஒன்றியம் நம் நாட்டையும் வேறொரு வாயிலில் நிறுத்தி நோக்கியதுண்டு. மனித உரிமை உடன்படிக்கைகள் சரிவர நிறைவேற்றப்படவில்லையென ஜீ.எஸ்.பி. பிளஸ் என்னும் வரிச்சலுகையை 2010இல் நிறுத்தி, 2017இல் மீளத் தந்தது. வணிகத்தின் வாயில் மீண்டும் மீண்டும் திறந்து மூடுவது. ஆதலாற் கண்காணிப்பும் தொடர்கின்றது. ஆயினும், அச்சலுகை போனால் முதலில் அஞ்சுவோர் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களே.

வெளிக்கண் இல்லாவிடத்து நீதிமன்றம் ஒன்றே துணை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின்பின், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருந்த தமிழ் எழுதுவினைஞர்க்குச் சிங்களத் தேர்ச்சி நாளாந்தக் கவலையாயிற்று. அத்தேர்வில் தேறாமையாற் சம்பள ஏற்றம் மறுக்கப்பெற்ற கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர் வழக்குத் தொடுத்தார். 29ஆம் பிரிவின்படி அச்சட்டம் செல்லாதென 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்காட இயலாதென்று உயர்நீதிமன்றம் 1967இல் அதனைத் தள்ளிற்று. இயலுமென 1969இற் கோமறைக் கழகம் கூறி, மொழிச் சட்டம் பற்றிய வினாவை மீண்டும் இங்கு அனுப்பிற்று. அது தீர்க்கப்படுமுன் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை 1971இல் ஒழிந்தது. 1972 மே 22ஆம் நாள் 29ஆம் பிரிவும் ஒழிந்தது.