பூக்களின் பள்ளத்தாக்கு: எழிலும் காவலும்

முன்னுரை

இமயம் என்றவுடன் வெண்பனி மூடிய சிகரங்களே நம் மனக்கண்முன் தோன்றும். அச்சிகரங்களின் மடியில், ஆண்டில் சில திங்களே மலர்ந்து மறையும் மலர்வெளி ஒன்று உண்டு. உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்திலுள்ள 'பூக்களின் பள்ளத்தாக்கு' அது. அதன் உயிர்வளத்தையும், அதனைக் காப்பதில் எழுந்துள்ள சிக்கலையும் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைவிடமும் வரலாறும்

கடல்மட்டத்திற்கு மேல் 3,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் அமைந்த இப்பள்ளத்தாக்கில் புஷ்பவதி ஆறு பாய்கின்றது. கங்காரியா என்னும் சிற்றூரிலிருந்து மலைப்பாதையில் நடந்தே இதனை அடைதல் வேண்டும். 1931-ஆம் ஆண்டு காமெட் சிகரமேறித் திரும்பிய பிராங்க் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் இதன் அழகில் மயங்கினார். 1938-இல் வெளிவந்த அவரது நூல் இதனை உலகறியச் செய்தது. மலர்களை ஆராய வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் அம்மையார் 1939-இல் இங்குப் பாறைச் சரிவில் வழுக்கி வீழ்ந்து உயிர்நீத்தார். அவரது கல்லறை இன்றும் அம்மலர்களிடையே உள்ளது.

உயிர்வளம்

குளிர்காலம் முழுவதும் பனியின்கீழ் உறங்கும் கிழங்குகளும் வேர்களும் ஜூன் திங்களில் பனி உருகியதும் துளிர்க்கின்றன. ஜூலை, ஆகஸ்டு திங்களில் நீலப் பாப்பி, பிரிமுலா, காசித்தும்பை இனங்கள் எனப் பல்நிற மலர்கள் வெளியெங்கும் நிறைகின்றன. உயர்ந்த பாறைப் பகுதிகளில் பிரம்ம கமலம் பூக்கின்றது. முற்காலத்தில் நூல்கள் எழுதப் பட்டையை அளித்த பூர்ஜ மரமும் இங்கு வளர்கின்றது. பனிச்சிறுத்தை, கஸ்தூரி மான், இமாலயக் கருங்கரடி, நீல ஆடு ஆகிய விலங்குகளும், ஒளிரும் இறகுடைய மோனால் பறவையும் இப்பகுதிக்கு உரியவை.

காவலும் சிக்கலும்

1982-இல் இவ்விடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனையொட்டி ஆடு மேய்த்தல் தடை செய்யப்பட்டது. 2005-இல், நந்தாதேவிப் பூங்காவுடன் இணைந்த உலக மரபுச் சின்னம் என்னும் பெருமையும் கிட்டியது. ஆயினும், இமயத்திற்கே உரிய பாலிகோனம் என்னும் உயரமான செடி அடர்ந்து பரவி, தாழ்ந்து வளரும் மலர்ச்செடிகளின் ஒளியை மறைக்கத் தொடங்கிற்று. ஆடுகளின் வாயும் குளம்பும் அதனை அடக்கி வைத்திருந்தன என்பர் ஒரு சாரார். மேய்ச்சலால் குலைந்த மண்ணிலேயே அது வேரூன்றியது என்பர் மற்றொரு சாரார். வனத்துறையினர் அதனைப் பிடுங்கி அகற்றி வருகின்றனர்.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1931-இல் ஸ்மித் கண்டு வியந்த பள்ளத்தாக்கு, மனிதர் கால்படாத காடன்று. இடையர்கள் கோடைதோறும் மந்தைகளுடன் வந்து சென்ற மேய்ச்சல் நிலமே. தடையினால் தம் மேய்ச்சல் நிலத்தை இழந்தவர்களும் அம்மலையூர் மக்களே.

முடிவுரை

இதனால் தடையே தவறு என்று முடிவு கட்டுதல் பொருந்தாது; வரம்பின்றி மேய்க்கவிடின் அரிய செடிகள் அழியும். ஆனால் வேலியிட்டு விலகி நிற்பதே காவல் ஆகிவிடாது. ஒரு நிலத்தின் செடி, விலங்கு, மனிதர் ஆகியோரிடையே நெடுங்காலமாக அமைந்த உறவை ஆராய்ந்தறிந்து, அந்நிலத்து மக்களின் பட்டறிவையும் கேட்டுத் தெளிந்து செய்வதே உண்மையான காவல். இயற்கையை நேசிக்கும் மாணவர் உள்ளத்தில் இத்தெளிவு வேரூன்றுமாயின், இன்னும் பல தலைமுறையினர் அம்மலர்களைக் கண்டு மகிழ்வர்.