பரட்டை அண்ணன் பாட்டும் என் மாற்றுப்பணியும்

என் வீடு அனுப்பம்பட்டில். பழவேற்காடு ஏரிக்கரைத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு மூன்று மாதம் மாற்றுப்பணி என்று ஆணை வந்தபோது, வகுப்பைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் நினைத்தேன். மாற்றுப்பணிக்குப் போகும் நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம்.

நான்கும் ஐந்தும் ஒரே அறையில். மீனவர் பிள்ளைகள் முன்னால். இருளர் பிள்ளைகள் ஐந்து பேர் கடைசியில், சன்னலோரம். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. மதிய உணவிலும் அதே வரிசை. ஏரியிலும் இதே கதைதான். வலை போடும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறை இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. அந்த முறைக்கு வெளியே நிற்பவர்கள் இருளர். பறியை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்கடியில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள்.

முதல் வாரம் பாடநூல் பாடலை ராகத்தோடு பாடிக்காட்டினேன். முன்வரிசை பாடியது. அந்த ஐந்து வாய்கள் மட்டும் திறக்கவில்லை. கூச்சம் என்று எழுதிவைத்தேன். தவறு என்னுடையது.

என் தாய்மாமா தென்னிந்தியத் திருச்சபை ஆயர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் வேலை. "போகிற ஊரில் நாம் தங்கப்போவதில்லை, பாட்டு தங்கும்" என்பார். அதை அவர் கற்றது மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், தியோபிலஸ் அப்பாவுவிடம். 'பரட்டை அண்ணன்' என்றால்தான் பலருக்குத் தெரியும். 2005இல் மறைந்தார்.

தேவாலயங்களில் கர்நாடக இசைக் கீர்த்தனைகளுக்கு மதிப்பு. பறையும் கிராமிய மெட்டும் வாசலுக்கு வெளியே. அந்த மெட்டுக்காரர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். மெட்டைத் தள்ளிவைத்தால் ஆளையும் தள்ளிவைத்ததாகும் என்பதே அவர் கண்டது. வழிபாட்டையே நாட்டுப்புற இசையில் அமைத்தார். கடவுளைப் 'பெத்தவரே' என்று பேச்சுத் தமிழில் அழைத்தார்; தாய், தந்தை இருவருக்கும் பொருந்தும் சொல். தன் பாட்டை மக்கள் மாற்றிப் பாடினால் தடுக்கமாட்டார். கிராமியப் பாட்டின் பலமே அதுதான் என்பார். மாமா பாடும் ஒரே பாட்டு ஊருக்கு ஊர் வேறாக இருப்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இன்னொன்று 'ஒரே உலை': ஒரே பானையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது. சாதி முதலில் தெரிவது சோற்றில் என்பதால்.

அவருடைய சமயம் நம் வகுப்பறைக்கு வேண்டியதில்லை, முறை வேண்டும்.

மறுவாரம் பாடநூலை மூடிவைத்து, "வீட்டில் ஏரியைப் பற்றிப் பேசும் சொற்களைக் கொண்டுவாங்க" என்றேன். மடவை, கெளுத்தி, நண்டு, தோணி என்று கரும்பலகை நிறைந்தது. சன்னலோரச் சிறுமி ஒருத்தி எழுந்து, "பறி" என்றாள். முன்வரிசையில் சிலருக்குக் கண்டு பழக்கம், அதை எப்படிப் பின்னுவது என்று தெரியாது. அவள் கையால் பின்னிக் காட்டிக்கொண்டே சொன்னாள். அன்று அந்தச் சொல்லில் தொடங்கி, அவர்கள் மெட்டில், நான்கு வரி கட்டினோம். அந்த ஐந்து பேரும் பாடினார்கள். இரண்டு பேர் சத்தமாகவே.

சத்துணவை வட்டமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்றேன். மூன்றாம் நாள் ஒரு தந்தை வந்துவிட்டார். "எங்க புள்ளைய ஏன் டீச்சர் அங்க உக்கார வெச்சீங்க?" எனக்கு உடனே பதில் வரவில்லை. "பாட்டுக் கேட்டுட்டுப் போங்கண்ணா" என்றேன். கேட்டார். "பறி பின்ற கையி சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர் மகன் வட்டத்தில் இருந்தான். இன்னொரு வீட்டுப் பிள்ளை ஒரு வாரம் வீட்டிலிருந்தே சோறு கொண்டுவந்தது.

எனக்குப் பின் வந்த ஆசிரியரிடம் பாட்டையும் வட்டத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். போன மாதம் பேசினேன். வட்டம் பெரும்பாலான நாட்களில் நடக்கிறதாம். பாட்டில் ஐந்தாவது வரி சேர்ந்திருக்கிறது. அதில் நான் எழுதிய ஒரு சொல்லையும் மாற்றிவிட்டார்களாம்.