அப்பாவுக்கு ஒரு பேர்க் கொப்பி

ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம். 1910இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் தொடங்கிய வழக்கம். அங்கே அது வெயில் காலம். கொத்மலையிலோ தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் நேரம். கடையில் வாங்கும் மினுமினுப்பு வாழ்த்து மட்டை லயத்துக் காம்பிராவின் ஈரத்தில் நமுத்துப்போகும். மலைக்கு வேலைக்குப் போகிற அப்பாவுக்கு மழையிலும் உதவுகிற பொருளைக் கொடுப்போமே. எல்லாவற்றையும் வீட்டில் கிடப்பதை வைத்தே பிள்ளைகள் செய்துவிடலாம்.

என் முதல் சிபாரிசு பேர்க் கொப்பி. இன்றைக்கு முழுப்பேரா, அரைப்பேரா, கொழுந்து எத்தனை கிலோ என்று அப்பா மனக்கணக்காக வைத்திருப்பார். சம்பளத் துண்டு கைக்கு வரும்போது அதை ஒத்துப்பார்க்க எழுத்தில் ஏதாவது இருந்தால்தானே பேச முடியும்?

பழைய பாடசாலைக் கொப்பியின் நடுவிலிருந்து, எழுதாத இரட்டைத் தாள்கள் ஐந்தைக் கிழியாமல் உருவுங்கள். ஐந்தையும் குறுக்கே பாதியாக வெட்டினால் பத்துச் சின்ன இரட்டைத் தாள்கள். பழைய மடிப்பிலேயே மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் நாற்பது பக்கம். பத்து நாளுக்கு ஒரு பக்கம், மாதத்துக்கு மூன்று. வருடத்துக்கு 36 போக நான்கு மிச்சம். மிச்சத்தில் கடைக்கடன் எழுதிக்கொள்ளட்டும். 31ஆம் திகதிக்கு அடியில் ஒரு வரி விட மறக்காதீர்கள்.

அட்டைக்குப் பால்மா பக்கெட்டைவிட நல்லது எதுவும் இல்லை, தண்ணீர் இறங்காது. காலிப் பக்கெட்டின் ஓரங்களை வெட்டி விரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் மாவை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கொப்பியைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் நான்கு விரல் நீட்டி விட்டால், அதை மடித்து மூடிக்கொள்ளலாம், மழை உள்ளே போகாது. வெள்ளிப் பக்கம் வெளியே தெரிந்தால் பார்க்கவும் அழகு.

இனித் தையல். தாள்களை அட்டைக்குள் வைத்து, நடு மடிப்பில் மூன்று ஓட்டை. ஊசியால் குத்துவதை அம்மாவோ அக்காவோ செய்யட்டும். நூலை இரட்டையாகக் கோத்து, நடு ஓட்டையில் உள்ளிருந்து வெளியே, மேல் ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே, கீழ் ஓட்டையில் மறுபடி வெளியே, கடைசியாக நடுவில் உள்ளே. இரண்டு நுனியையும் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். பக்கத்துக்கு நான்கு கட்டம்: திகதி, வேலை, பேர், கிலோ. கவ்வாத்துக்கோ மருந்தடிக்கவோ போகும் அப்பாவுக்குக் கிலோ கட்டம் வேண்டியதில்லை. கூடவே ஒரு துண்டுப் பென்சிலை நூலில் கட்டிவிடுங்கள். பேனை மை ஈரம் பட்டால் ஊறிவிடும்.

பரிசைக் கொடுத்ததோடு வேலை முடியாது. அப்பா வந்து கைகால் கழுவியதும், "இன்னைக்கு முழுப்பேராப்பா, அரைப்பேரா?" என்று கேட்டு நீங்களே எழுதுங்கள். ஒரு மாதம் போனால் அவரே கொப்பியைத் தேடுவார்.

அடுத்தது அட்டைக்கடி உப்பு. உள்ளங்கையைவிடப் பெரிய பருத்தித் துணியில் இரண்டு மேசைக்கரண்டி உப்பை வைத்து, உருண்டையாக நூலால் இறுக்கிக் கட்டவேண்டும். அட்டையின் மேல் ஒற்றினால் பிடி விட்டுவிடும். மழையில் உப்பு கரையும் என்பதால் மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுங்கள். தோட்டத்து மருந்துப் போத்தல், மருந்துக் கலன் எதையும் எடுக்கவே கூடாது, எத்தனை தடவை கழுவியிருந்தாலும்.

வாழ்த்து மட்டைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் சின்னதுகளுக்கு ஒரு வழி உண்டு. இலையின் அடிப்பக்கம் வெள்ளை மா அப்பினாற்போல் இருக்கும் பன்னச் செடியைக் கையில் வைத்து அடித்து அச்சுக் குத்தி விளையாடுவீர்களே, அதேதான். ஈரமில்லாத இலையாகப் பறித்து, கறுப்பு அல்லது கடும் நிறத் தாளில் வைத்து உள்ளங்கையால் ஒரே அமுக்கு. அசைத்தால் கலைந்துவிடும். நரம்பு நரம்பாக வெள்ளை இலை பதிந்ததும் மேலே செலோடேப் ஒட்டிவிடுங்கள். ஓரத்தில் அப்பாவுக்கு ஒரு வரி எழுதினால் போதும், கவிதை வேண்டாம்.

அப்பா கொழும்பில் கடை வேலையில் இருந்தால் ஜூன் ஞாயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். அவர் லீவில் வரும் நாள்தான் உங்கள் தந்தையர் தினம், அது தீபாவளியாக இருந்தாலும் சரி. பேர்க் கொப்பியில் வேலை, கிலோ கட்டங்களுக்குப் பதிலாகச் செலவு, வீட்டுக்கு அனுப்பியது என்று கோடு போட்டுக் கொடுங்கள்.

இந்த மழையில் துடைத்த பக்கெட்டும் துணியும் காய நாளெடுக்கும். வியாழக்கிழமையே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.